இளம் டீம் பெரிய ஸ்டாரை ட்ரேட்ல எடுக்கணுமா, பொறுக்கணுமா?

#1 கொட்டகலை_காத்து

என்பிஏல (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஒரு டீம். பருவத்துக்கு 50 வெற்றி சுமாருக்கு எடுக்குது. முக்கியமான ஆளுங்க எல்லாம் 22, 23, 24 வயசு. பருவம் முடிஞ்சு நொக்அவுட் தொடர், அதாவது பிளேஓஃப் வந்தா முதல் சுற்றிலயே மூட்டை கட்டுது. 2025ல ஹூஸ்டன் அப்படித்தான் இருந்திச்சு: 52–30, மேற்குப் பிரிவுல ரெண்டாம் இடம், கோல்டன் ஸ்டேட்டோட ஏழாவது மெட்ச்ல காலி. உடனே போய் கெவின் டுரண்ட்டை எடுத்தாங்க.

ஹூஸ்டனைப் பற்றி மட்டும் கேக்கல. இந்த நிலைமையில இருக்கிற எந்த டீமா இருந்தாலும், தயார் ஸ்டாரை வாங்கணுமா, இல்ல கையில இருக்கிற இளசுகளையும் பிக்குகளையும் (இனி வர்ற வருசங்கள்ல புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்ற உரிமை) வச்சிப் பொறுக்கணுமா? "நான் டுரண்ட் ரசிகன்" பதிலெல்லாம் வேணாம். கணக்கோட வாங்க.

#2 பதுளை_பாஸ்

எடுக்கணும். இதுல யோசிக்க என்ன இருக்கு மச்சான்?

கிரிக்கெட்ல 11 பேர், ஃபுட்போல்ல 11 பேர். இதுல கோர்ட்ல நிக்கிறது 5 பேர். பிளேஓஃப்ல ஸ்டார் 48 நிமிசத்துல 40 நிமிசம் நிப்பான். ஒரே ஆள் ஒரு டீமைத் திருப்பக்கூடிய விளையாட்டு இது. டொரொண்டோ 2018ல காவாய் லெனர்டை எடுத்தான், 2019ல கிண்ணம். லேக்கர்ஸ் 2019ல அந்தனி டேவிஸை எடுத்தான், 2020ல கிண்ணம். மில்வோக்கி 2020ல ஜ்ரூ ஹொலிடேயை எடுத்தான், 2021ல கிண்ணம். மூணு வருசம், மூணு ட்ரேட், மூணு கிண்ணம்.

பிக்குன்னா என்ன? 2029ல எவனோ ஒருத்தன். இப்போ அவன் ஸ்கூல் யூனிபோர்ம்ல இருப்பான். கிடைக்கப்போற பலாக்காயைவிட கையில இருக்கிற களாக்காய் மேல்.

#3 நானுஓயா_நெட்

பதுளைத் தம்பி, நீங்க சொன்ன மூணும் உண்மை. ஆனா அந்த மூணையும் ஒரே சாக்குல போடாதீங்க.

டொரொண்டோ குடுத்தது டெமார் டெரோசன், யாக்கொப் போல்ட்ல், பாதுகாப்பு நிபந்தனையோட (மேல் இடத்துல விழுந்தா குடுக்க வேணாம்) ஒரு பிக். அவ்வளவுதான். ஏன் அவ்வளவு மலிவு? காவாய்க்கு ஒப்பந்தத்துல ஒரு பருவம்தான் மிச்சம், அதுக்கு முந்தின பருவம் பெரும்பாலும் காயத்தோட கிடந்தவர். ஆபத்து கூடினதால விலை குறைஞ்சது. கிண்ணத்தை எடுத்துக் குடுத்திட்டு அடுத்த மாசமே கிளிப்பர்ஸுக்குப் போயிட்டார். டேவிஸுக்கு அப்ப 26 வயசு, பக்கத்துல லெப்ரோன். ஹொலிடேக்கு 30, மூணு முதல் சுற்று பிக்கும் ரெண்டு ஸ்வொப்பும் (பிக் இடத்தை மாத்திக்கிற உரிமை) போனது, ஆனா மில்வோக்கில யானிஸ் ஏற்கனவே இருந்தார். மூணு டீமும் ஒரு ஆள் குறையா இருந்த டீம். ஒரு ஸ்டாரை வச்சித் தொடங்குற டீம் எதுவும் அதுல இல்ல.

மறுபக்கத்தையும் போடுங்க. 2013ல ப்ரூக்ளின் 37 வயசு கார்னட்டையும் 35 வயசு பியர்ஸையும் வாங்கி, பொஸ்டனுக்கு 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளையும் 2017 ஸ்வொப்பையும் தாரை வார்த்திச்சு. கிடைச்சது 44 வெற்றி, பிளேஓஃப்ல ஒரே ஒரு சுற்று. அப்புறம் 2015–16ல 21–61, 2016–17ல 20–62. தோக்கிற டீமோட பிக்தான் முன்னால வரும், அதனால அந்தத் தோல்வியெல்லாம் பொஸ்டனோட கணக்குல வரவு: 2016 பிக்ல ஜேலன் பிரவுன், 2017ல கிடைச்ச முதலாம் இடத்தை மூணாம் இடத்துக்கு மாத்தி ஜேசன் டேட்டம். தன்னோட தோல்விக்குக் கூட சொந்தக்காரனா இல்லாம போறதுதான் இதுல உள்ள பெரிய இடி.

#4 மஸ்கெலியா_போர்ட்

அக்கா கடைசி வரி 👏

#5 கணக்கப்பிள்ளை

எல்லாரும் பிக் கணக்கு மட்டும் பேசறீங்க. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்கு அப்புறம் ட்ரேட்டைக் கொல்றது சம்பளக் கணக்கு. ஒரு உதாரணத்தைக் கையால போட்டுக் காட்டுறேன். 2025–26 எண்கள்: சம்பள எல்லை 154.647 மில்லியன் டொலர் (சில சலுகைகளால தாண்டலாம்). லக்சரி வரி 187.895ல தொடங்குது. அதுக்கு மேல ஏப்ரன்னு ரெண்டு செலவுக் கோடு: முதல் ஏப்ரன் 195.945, ரெண்டாவது ஏப்ரன் 207.824.

நம்ம டீம் 14 பேருக்கு 185 மில்லியன் குடுக்குது. வேண்டிய ஸ்டாருக்கு 54 மில்லியன் (ஒருத்தருக்குக் குடுக்கக்கூடிய உச்சம், சம்பள எல்லையில 35 வீதம், ஏறக்குறைய அவ்வளவுதான்). முதல் ஏப்ரனுக்குக் கீழ இருக்கிற டீம், இந்த அளவு சம்பளத்துல, அனுப்புறதோட 125 வீதமும் இன்னும் 2.5 லட்சம் டொலரும் வரைக்கும் வாங்கலாம். அப்போ 43 மில்லியன் அனுப்பினா 54 வாங்கலாம். பேப்பர்ல சரி.

இப்ப கூட்டுங்க. 185ல 43 போனா 142. 54 சேர்த்தா 196.0. முதல் ஏப்ரன் 195.945. வெறும் 55,000 டொலர் கூடுது. அனுப்பினதைவிடக் கூட வாங்கின டீமுக்கு அந்த ஏப்ரன் அசைக்க முடியாத கூரை. 55,000 இல்ல, 1 டொலர் கூடினாலும் லீக் ட்ரேட்டைப் பதியாது.

அதோட முடியல. 43 மில்லியனை ஒரு ஆளா அனுப்ப மாட்டீங்க, மூணு பேரா அனுப்புவீங்க. 14 பேர்ல 3 போய் 1 வந்தா 12. ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப 14 ஆக்கணும். குறைஞ்ச சம்பளத்துக்கு ரெண்டு அனுபவசாலிகள், ஆளுக்கு 2.3 சுமார், மொத்தம் 4.6. அப்போ அனுப்ப வேண்டியது 43 இல்ல, 48. சரி பாருங்க: 185 – 48 + 54 + 4.6 = 195.6. மிச்சம் 3.5 லட்சத்துக்கும் குறைவு. ஜனவரியில ஒருத்தன் கணுக்கால் பெரண்டு படுத்தா பதிலுக்கு ஆள் எடுக்கக் காசில்ல.

அந்த 48 மில்லியன்ல யார் போறாங்கன்னு யோசிங்க. பெஞ்ச்ல கடைசியில இருக்கிறவங்களுக்கு அவ்வளவு சம்பளம் கிடையாது. போறது உங்க அஞ்சாவது, ஆறாவது, ஏழாவது ஆள்.

#6 பதுளை_பாஸ்

அண்ணே என் வாயை அடைச்சிட்டீங்க 😅 சரி, ரெண்டாவது ஏப்ரனைத் தாண்டிட்டா?

#7 கணக்கப்பிள்ளை

தாண்டினா ரெண்டு மூணு பேர் சம்பளத்தைச் சேர்த்துக் கட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. 54 மில்லியன் ஆள் வேணுமா, அதுக்குச் சமனா இல்ல அதுக்கு மேல வாங்குற ஒரே ஆளை அனுப்பணும். ட்ரேட்ல காசு குடுக்க முடியாது. மிட்லெவல் சலுகை (எல்லை தாண்டினாலும் நடுத்தரச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிற வழி) இல்ல. ஏழு வருசத்துக்கு அப்புறம் வர்ற முதல் சுற்று பிக்கையும் உறைய வச்சிடுவாங்க, விக்க முடியாது. ஃபீனிக்ஸ் டுரண்ட், புக்கர், பீல் மூணு பேரோட அங்கதான் மாட்டிச்சு. பீல் ஒப்பந்தத்துல "எனக்கு விருப்பமில்லாம ட்ரேட் பண்ண முடியாது"ன்னு வேற ஒரு வரி இருந்திச்சு. கடைசியில 2025 ஜூலையில காசு குடுத்து அனுப்பினாங்க.

இன்னொன்னு, சில ஒப்பந்தத்துல ட்ரேட் போனஸ் இருக்கும், 15 வீதம் வரைக்கும். ட்ரேட் நடந்தா அது சம்பளத்துல ஏறும். 55,000க்கே கவிழ்ற கணக்குல அது எங்க கொண்டு போய் விடும்னு பாத்துக்கங்க.

#8 பண்டாரவளை_ப்ளொக்

ஃபீனிக்ஸ் பேச்சு வந்ததால இதையும் சொல்லணும்.

2023 பெப்ரவரியில டுரண்ட்டுக்காக அவங்க குடுத்தது: மிகல் பிரிட்ஜஸ், கெம் ஜோன்சன், கிரவுடர், 2023, 2025, 2027, 2029 முதல் சுற்று பிக்குகள், 2028 ஸ்வொப். ஏன் ஒத்தை வருசமா மட்டும் இருக்குன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. அடுத்தடுத்த ரெண்டு எதிர்கால வருசத்துல முதல் சுற்று பிக் இல்லாம ஒரு டீம் இருக்கக் கூடாது. எண்பதுகள்ல கிளீவ்லண்ட் முதலாளி டெட் ஸ்டெபியன் பிக்குகளை அள்ளி விட்டதால வந்த விதி, அவர் பேர்லயே வழங்குது. அதனால ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் பிக், நடுவுல ஸ்வொப்.

வேடிக்கை என்னன்னா, அந்த 2025 பிக் ப்ரூக்ளின் வழியா ஹூஸ்டன் கைக்குப் போச்சு. ஃபீனிக்ஸ் 36–46ல முடிச்சதால அது பத்தாவது இடத்துல விழுந்திச்சு. 2025ல ஹூஸ்டன் டுரண்ட்டை வாங்கினப்போ ஜேலன் கிரீன், டிலன் புரூக்ஸோட அந்தப் பத்தாவது பிக்கையும் ஃபீனிக்ஸுக்கே திருப்பிக் குடுத்தாங்க. டுரண்ட்டுக்காகப் போன பிக், டுரண்ட்டாலயே வீடு வந்து சேர்ந்திச்சு. இடையில ஃபீனிக்ஸ் எடுத்தது: ஒரு ரெண்டாம் சுற்றுத் தோல்வி, முதல் சுற்றுல ஒரு 0–4 தோல்வி, ஒரு பிளேஓஃப் இல்லாத பருவம்.

#9 மஸ்கெலியா_போர்ட்

கோர்ட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னும் யாராவது பேசணுமே.

பருவப் போட்டியில வேகமா ஓடி, திருடி, லேஅப் போட்டு 50 ஜெயிச்சிடலாம். பிளேஓஃப்ல எதிராளி பின்னால ஓடி வந்து நின்னுடுவான். ஹாஃப் கோர்ட்ல, ஷொட் போட வேண்டிய நேரத்துல (ஷொட் க்ளொக்) 8 செக்கன்தான் மிச்சம் இருக்கும்போது, தன்னைவிட உயரமானவன் மேலால ஷொட் போட ஒருத்தன் வேணும். இளம் டீமுக்கு இல்லாதது அதுதான். டுரண்ட் மாதிரி ஆள் அதுக்கு மருந்து, அதை ஒத்துக்கிறேன்.

ஆனா அதே பிளேஓஃப்ல எதிர் டீம் உங்க அஞ்சு பேர்ல மெதுவான தடுப்பாளன் யாருன்னு தேடும். அந்த மெதுவானவன் காக்கிற ஆளை ஸ்க்ரீன் போட (வழி மறிச்சு நிக்க) வைப்பாங்க, நீங்க ஸ்விட்ச் பண்ணுவீங்க (காக்கிற ஆளை மாத்திக்குவீங்க), அவங்க ஸ்டார் முன்னால உங்க மெதுவானவன் நிப்பான். பத்து தடவை இதையே செய்வாங்க. 2023ல மில்வோக்கி, லிலர்டுக்காக ஹொலிடேயை விட்டுக் குடுத்திச்சு. புள்ளி போடுற கார்ட் வந்தார், பந்து கொண்டு வர்றவனை நெஞ்சோட நெஞ்சா நின்னு மறிக்கிற கார்ட் போயிட்டார். ஹொலிடே போர்ட்லண்ட் வழியா பொஸ்டன் போய் 2024 கிண்ணத்தைத் தூக்கினார். மில்வோக்கி 2024லயும் 2025லயும் முதல் சுற்றுல இந்தியானாகிட்ட தோத்திச்சு. நியாயமா சொல்லணும்னா 2024 தொடர்ல யானிஸ் காயத்தோட வெளியில இருந்தார். 2025ல லிலர்டுக்குக் குதிகால் தசைநாண் அறுந்திச்சு. அவரை விடுவிச்சு, மிச்சமிருந்த 113 மில்லியன் சுமாரை அஞ்சு வருசத்துக்குப் பரப்பினாங்க. வருசத்துக்கு 22 மில்லியனுக்கு மேல, விளையாடாத ஆளுக்கு.

ஸ்டார் வந்தா என்ன சேருதுன்னு எல்லாரும் பாக்கிறாங்க. அவர் இடத்துல நின்னவன் செஞ்ச வேலையை இனி யார் செய்றதுன்னு முதல்ல பாருங்க.

#10 பண்டாரவளை_ப்ளொக்

பொறுத்தவங்க கதை ஓக்லஹோமா. 2019ல போல் ஜோர்ஜை கிளிப்பர்ஸுக்குக் குடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர், கல்லினாரி, அஞ்சு முதல் சுற்று பிக், ரெண்டு ஸ்வொப் வாங்கினாங்க. அதுல ஒரு பிக் 2022ல 12ஆம் இடத்துல ஜேலன் வில்லியம்ஸ் ஆச்சு. 2025ல கிண்ணம். கிளிப்பர்ஸ் இறுதிப் போட்டிக்குப் போகல, ஜோர்ஜ் 2024ல பிலடெல்பியாவுக்கு நடையைக் கட்டினார்.

கவ்வாத்து வெட்டின தேயிலை மலை மாதிரி. பார்க்க மொட்டையா இருக்கும், அவங்களும் 22–50, 24–58ன்னு ரெண்டு பருவம் கிடந்தாங்க. அப்புறம் கொழுந்து வந்திச்சு.

#11 நானுஓயா_நெட்

வேர் நல்லா இருந்தாத்தான் கவ்வாத்துக்கு அப்புறம் கொழுந்து. ஷே பிக் கிடையாதே! ஒரு பருவம் ஆடி முடிச்ச, கண்ணால பார்த்த பிள்ளை. அந்த ட்ரேட்டோட உயிரே அவர்தான். பிக் எண்ணிக்கையை மட்டும் வச்சி ஓக்லஹோமாவைப் பாராட்டுறது தப்பு. எத்தனையோ டீம் வெட்டிட்டு வருசக்கணக்கா மொட்டையாவே கிடக்குது.

அப்புறம் அவங்களும் தயார் ஆளை வாங்காம இல்லை. 2024ல கிடியைக் குடுத்து கரூசோவை எடுத்தாங்க, ஹார்டன்ஸ்டைனுக்கு மூணு வருசத்துக்கு 87 மில்லியன் குடுத்தாங்க. ஸ்டார் இல்ல, ஆனா ஓட்டையை அடைக்கிற முத்தின கைங்க. அது எப்படிச் சாத்தியமாச்சு? அவங்க இளசுகள் ஹோம்க்ரனும் வில்லியம்ஸும் அப்ப முதல் ஒப்பந்தத்துல இருந்தாங்க. முதல் சுற்றுல வந்தவனுக்கு நாலு வருசம் கட்டின சம்பளம். அவன் எவ்வளவு நல்லா ஆடினாலும் கூடாது. அந்த நாலு வருசத்துக்குள்ளதான் வெளியில இருந்து வாங்க இடம் இருக்கும். அஞ்சாம் வருசம் உங்க பிள்ளைகளே சம்பள எல்லையில 25 வீதம், 30 வீதம் கேட்டு நிப்பாங்க.

என்னோட கட்சி இதுதான்: கடைசியா ஒரு ஸ்டாரை வாங்கறதா இருந்தா, உங்க இளசுகளோட ரெண்டாம் ஒப்பந்தம் தொடங்க ரெண்டு பருவமாவது இருக்கும்போது வாங்குங்க. ஒரு பருவம்தான் மிச்சம்னா விடுங்க.

#12 பதுளை_பாஸ்

அக்கா, அப்போ மினசோட்டா? 2022ல கோபேருக்கு 2023, 2025, 2027, 2029 பிக், 2026 ஸ்வொப், அஞ்சு ஆளு. உலகமே சிரிச்சிச்சு. 2024லயும் 2025லயும் மேற்கு இறுதிக்குப் போனாங்க. அந்த டீம் அதுக்கு முன்னால அங்க போனது 2004ல.

#13 நானுஓயா_நெட்

சரியான உதாரணம். சிரிச்சதுல நானும் ஒருத்தி. அங்க அவங்க இளம் ஸ்டார் எட்வர்ட்ஸ் இன்னும் முதல் ஒப்பந்தத்துல இருந்தார், ரெண்டு பருவம் கையில இருந்திச்சு. கணக்கு பொருந்துது. ஆனா ஏப்ரன் நெருக்கி, 2024 ஒக்டோபர்ல அவங்க இன்னொரு ஸ்டார் டவுன்ஸை நியூயோர்க்குக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சே. பில் வந்திச்சு, கொஞ்சம் தாமதமா.

எனக்குப் பிடிச்ச ட்ரேட் அதைவிடச் சின்னது. 2024 ஜனவரியில இந்தியானா, சியாகமுக்கு மூணு முதல் சுற்று பிக்கும் புரூஸ் பிரவுனும் வேற ஆளும் குடுத்திச்சு. ஒப்பந்தம் அந்தக் கோடையோட முடியுது, அதனால விலை ஏறல. போனவங்கள்ல அவங்க ஸ்டார் ஹலிபர்டனுக்கு அவசியமான ஆள் யாரும் இல்ல. ட்ரேட்ல வந்தவனோட பேர்ட் உரிமையும் சேர்ந்து வரும், அதை வச்சி சம்பள எல்லையைத் தாண்டியும் திரும்ப ஒப்பந்தம் போட்டாங்க. 2025ல இறுதிப் போட்டி ஏழாவது மெட்ச் வரைக்கும்.

#14 ஹட்டன்_லேஅப்

அண்ணன்மாரே, அக்கா, கொஞ்சம் கீழ இறங்கி வாங்க. எங்க கிளப் அடுத்த மாசம் ஒரு மாவட்டச் சுற்றுப்போட்டிக்குப் போகுது. கொழும்புல ஆடுற ஒரு நல்ல ஆளைக் கூப்பிடலாம்னு பாதிப் பேர், வேணாம்னு பாதிப் பேர். இங்க பிக்கும் இல்ல ஏப்ரனும் இல்ல. என்ன செய்ய?

#15 மஸ்கெலியா_போர்ட்

இருக்கு தம்பி, வேற பேர்ல.

முதல்ல போட்டி விதிக் கடிதத்தைப் படிங்க. வெளி ஆள் எத்தனை பேர், பதிவு முடியிற நாள், அடையாள அட்டை மூலப்பிரதியா நகலா. இதுல பிழைச்சா ஜெயிச்ச மெட்ச்சையும் முறைப்பாட்டுல பறிச்சிடுவாங்க. பட்டியல்ல 12 பேர்தான், அப்போ உங்க 12ஆவது ஆள் வெளிய. அவன்தான் வருசம் முழுக்கப் பந்துக்குக் காத்தடிச்சவனா இருப்பான். ஆளை வெட்டுறதுக்கு முன்னால அவன்கிட்ட நேர்ல சொல்லிடுங்க.

அடுத்தது ஆட்டம். இது 48 நிமிசம் இல்ல, 40. ஆறு ஃபவுல் இல்ல, அஞ்சு. வெளி ஸ்டார் மூணாவது குவார்ட்டர்ல நாலு ஃபவுலோட உக்காந்தா பந்தை யார் கொண்டு வருவாங்க? பதில் இல்லாட்டி கூப்பிடாதீங்க.

வர்றவர் ரெண்டு பயிற்சிக்கு மேல வர மாட்டார். அந்த ரெண்டுல பத்து செட் சொல்லிக் குடுக்காதீங்க. மேல நின்னு ஒரு பிக் அண்ட் ரோல் (ஒருத்தன் மறிச்சு நின்னு, பிறகு கூடைப் பக்கம் ஓடுறது), சைட்லைன்ல இருந்து பந்து போடுற ஒரு செட், 2–3 சோன்ல (மேல ரெண்டு பேர், கீழ மூணு பேர் நின்னு இடத்தைக் காக்கிற தடுப்பு) அவர் நிக்கிற இடம். போதும். சோன்ல அவரை மேல் ரெண்டுல போடுங்க. கீழ மூணுக்குப் பழக்கம் வேணும், ரிபவுண்டுக்கு யார் யாரை அடைக்கிறதுன்னு கண் பார்த்தே தெரியணும்.

#16 கணக்கப்பிள்ளை

கோர்ட் எங்க தம்பி? நுவரெலியாப் பக்கமா?

நுவரெலியா 1,868 மீட்டர். டென்வர் டீமைப் பற்றி எல்லாரும் உயரம் உயரம்னு சொல்றாங்களே, அது 1,609 மீட்டர்தான். நுவரெலியாவுல ஒரு மூச்சுல கிடைக்கிற ஒட்சிசன் கடல் மட்டத்தைவிட ஐந்துல ஒரு பங்கு குறைவு. கொழும்புல இருந்து அன்னைக்குக் காலையில ஏறி வந்து பகல் ஆடினா, ரெண்டாவது குவார்ட்டர்ல முழங்கால்ல கை வச்சிக்கிட்டு நிப்பார். முதல் பாதியில 12 நிமிசத்துக்கு மேல ஆட விடாதீங்க, ஒரே மூச்சா 4 நிமிசத்துக்கு மேல வேணாம். முதல் நாளே வரச் சொல்லுங்க. ஒரு ராத்திரியில உயரம் பழகாது, ஆனா பயண அலுப்பாவது போகும். குளிர்ல உடம்பு சூடாக நேரம் எடுக்கும், 20 நிமிசமாவது ஓட விடுங்க.

பின்னேரம் பனி இறங்கினா சீமெந்துக் கோர்ட் வழுக்கும். உள்ளரங்குப் பலகைத் தரையில ஆடுறவங்க ஓடி வந்து சட்டுன்னு நிக்கப் பார்ப்பாங்க, அங்கதான் முழங்கால் போகும். காய்ஞ்ச துணி ரெண்டு, சப்பாத்து அடி துடைக்க.

#17 ஹட்டன்_லேஅப்

நுவரெலியாதான் அண்ணே. இதெல்லாம் யாருமே யோசிக்கல எங்க பக்கத்துல.

#18 பண்டாரவளை_ப்ளொக்

உடம்புப் பரிசோதனை பற்றியும் யாரும் சொல்லல. ட்ரேட் அறிவிச்சாலும் மருத்துவப் பரிசோதனை முடியிற வரைக்கும் அது ட்ரேட் இல்ல. 2025 பெப்ரவரியில லேக்கர்ஸ், ஷார்லட்ல இருந்து மார்க் வில்லியம்ஸை எடுத்து, பரிசோதனையில திருப்தி இல்லாம ரத்துப் பண்ணிச்சு. அதுக்குள்ள கடைசி நேரம் தாண்டிடுச்சு, வேற சென்டரை ட்ரேட்ல எடுக்க வழியில்ல. அந்தக் கடைசி நேரம் நம்மூருக்கு அடுத்த நாள் பின்னிரவு 1.30. அந்த நேரத்துல முழிச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், கடைசி பத்து நிமிசத்துல போடுற ட்ரேட்டெல்லாம் எப்படி இருக்கும்னு.

கோடையில ஒப்பந்தம் போட்டவங்களை டிசம்பர் 15 வரைக்கும் ட்ரேட் பண்ண முடியாது, சிலரை ஜனவரி 15 வரைக்கும். அதனால கணக்கப்பிள்ளை சொன்ன 48 மில்லியனைக் கட்டுறதுக்கு ஆளுங்க ஒக்டோபர்ல இருக்க மாட்டாங்க. அவசரப்படுற டீம் ஒக்டோபர்ல நல்ல இளசைச் சேர்த்துக் குடுத்திடும். டிசம்பர் வரைக்கும் பொறுத்திருந்தா அந்த இடத்துல ஒரு சாதாரண சம்பளக்காரனை வச்சி அனுப்பியிருக்கலாம்.

#19 கொட்டகலை_காத்து

நான் போட்ட கேள்விக்கு இப்ப என்னோட டீமை வச்சிப் பார்த்தேன். ரெண்டு பருவம் மிச்சம், சரி. 48 மில்லியன்ல போறது மூணு பேர், அதுல ஒருத்தன் டீம்லயே சிறந்த வெளிச்சுற்றுத் தடுப்பாளன் (கூடைக்குத் தூரத்துல நின்னு மறிக்கிறவன்). அவனை எடுத்துட்டு வேற ஒருத்தனை வச்சா 41தான் வருது. 7 மில்லியனுக்கு அவனைக் குடுக்கவா?

#20 கணக்கப்பிள்ளை

குடுக்காதீங்க. மூணாவது ஒரு டீமை உள்ள இழுங்க. உங்க பெஞ்ச்ல 7 வாங்குறவன் யாரு? பேரைப் போடுங்க, பார்ப்போம்.

#21 ஹட்டன்_லேஅப்

கூட்டம் முடிஞ்சது. ஆள் வர்றார், முதல் நாள் பின்னேரமே. 12ஆவது ஆள்கிட்ட நான்தான் போய்ச் சொல்லணுமாம்.